கன்ரீன் லாபத்தில் ஓடிய ஆண்டு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளைப் பற்றிச் சிறு நூலொன்று தொகுத்துக்கொண்டிருந்த அருந்ததி தொலைபேசியில் சொன்னாள்:

"அக்கா, உரும்பிராய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். எண்ணெய்ச் சாப்பாட்டை நிப்பாட்டியும் கன்ரீன் நல்ல லாபமாம். ஜெனிற்றா எண்டு ஒரு மனுசி நடத்துறா. சந்தோசமா ஒரு கதை எழுதித் தாங்கோ."

ஒப்புக்கொண்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது கன்ரீன் ஜெனிற்றாவின் கையில் இல்லை.

(இதை இங்கேயே சொல்லியிருக்கக் கூடாது. கதை எழுதத் தெரிந்தவர்கள் கடைசிவரை ஒளித்து வைப்பார்கள். எனக்கு மனம் வரவில்லை.)

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் முன் வியர்வை வழிய ஜெனிற்றா—

(வியர்வையில் தொடங்கினால் ஏழைகளைப் பற்றி எழுதிவிட்டதாக எனக்கே ஒரு திருப்தி வந்துவிடும். வேண்டாம்.)

ஆரோக்கியமான மாணவரே நாளைய—

(இது பாடசாலை அதிபர் சோமசேகரத்தின் பரிசளிப்பு விழாப் பேச்சு. அவரிடமே இருக்கட்டும்.)

நடந்தபடியே சொல்கிறேன். ஜெனிற்றா கொழும்புத்துறைக்காரி. கணவர் கனிசியஸ் முதுகு விழுந்துபோய்க் கடற்றொழிலுக்குப் போவதில்லை. கன்ரீன்தான் வீட்டுக்குச் சோறு. எண்ணெயில் பொரித்த ரோல்ஸும் சோடாவும் விற்கக் கூடாதென்று சுற்றறிக்கை வந்ததும் அவள் கடலை அவித்தாள், பழம் வெட்டி வைத்தாள். பிள்ளைகள் வேலியால் பாய்ந்து எதிர்க்கடைக்குப் போனார்கள். அவித்த கடலை சட்டியோடு வீட்டுக்குத் திரும்பியது.

"அப்ப ஒரு கிழமையா வீட்டிலை மூண்டு நேரமும் அதுதான் மிஸ். மனுசன் சொல்லிச்சுது, 'கடலுக்குப் போகேலாதவனுக்குக் கடலையோ' எண்டு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3

பிறகு அவள் யோசித்தாள். பிள்ளைகளுக்கு எண்ணெயில் ஆசையில்லை. உறைப்பும் சூடும் கையில் பிடித்துக்கொண்டு ஓட ஒரு வடிவமும் வேண்டும். குரக்கன் என்னும் கேழ்வரகு மா ரொட்டியை மெல்லிசாகத் தட்டி, உள்ளே மீனோ மரக்கறியோ வைத்துச் சுருட்டி, எண்ணெய் விடாத ரொட்டித் தட்டில் வாட்டினாள். கடலையைக் காய்ந்த செத்தல் மிளகாயும் தேங்காய்ச் சொட்டும் போட்டுத் தாளித்துக் கடதாசிச் சுருளில் கொடுத்தாள். சந்தையில் விலைபோகாத கோணல் கரட் கிழங்கைத் தோட்டக்காரரிடம் மலிவாக வாங்கினாள். பொரிக்கும் எண்ணெய்ச் செலவு போனது. இடைவேளை மணி அடித்துச் சற்று நேரத்தில் தட்டுகள் காலியாகின.

காலையில் பிரார்த்தனைக்கு முன் இலைக்கஞ்சி. காசு உள்ளவர்கள் கொடுத்தார்கள், இல்லாதவர்கள் சும்மா குடித்தார்கள். ஏழாம் வகுப்புத் தர்சிகா வீட்டில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிறவள். பிரார்த்தனையில் அடிக்கடி மயங்கி விழுவாள். அந்த ஆண்டு அவள் விழவில்லை.

(இந்த இடத்தில் ஜெனிற்றாவை நான் சந்தேகித்தேன். இத்தனை நல்லவளைக் கதையில் யார் நம்புவார்கள்? ஏன் சும்மா கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "புண்ணியத்துக்கில்லை மிஸ். கஞ்சி குடிச்ச பிள்ளை இன்ரேவலுக்கு ரொட்டி வாங்க வரும். மயங்கின பிள்ளை வீட்டை போயிடும்." கணக்குத்தான். ஆனால் தர்சிகா ஒருநாளும் ரொட்டி வாங்கியதில்லை. அதுவும் ஜெனிற்றாவுக்குத் தெரியும்.)

4

லாபம் வந்தது எல்லோருக்கும் தெரிந்தது. கெடுதி அங்கேதான் தொடங்கியது. மலசலகூடத்துக்குக் கூரை போட அதிபரிடம் காசில்லை. பாடசாலைச் சங்கம் கூடி, கன்ரீன் வாடகையை இரண்டு மடங்காக்கி ஏலக் கேள்வி கோரியது. பாணும் ரோல்ஸும் போடும் வெதுப்பகம் வைத்திருக்கும் றஜிந்தன் அதற்கும் மேலே போட்டு எடுத்தான். ஜெனிற்றா அதிபரிடம் போய் நின்றாள்.

"நீங்கள்தானே பிள்ளை லாபம் வருமெண்டு காட்டினனீங்கள்," என்றார் அவர். "நான் என்ன செய்ய?"

அவரை வில்லனாக எழுத முயன்றேன். அந்தக் கூரையில்லாத மலசலகூடத்தைப் பார்த்தபின் முடியவில்லை. றஜிந்தனையும் முடியவில்லை, அந்த வாடகைக்குக் கஞ்சி கட்டாது. ரோல்ஸ் திரும்பி வந்தது, 'மரக்கறிச் சிற்றுண்டி' என்ற பெயரில். காலையில் கன்ரீன் கதவு பூட்டிக் கிடக்கிறது.

5

முடிவுகள்.

அ. மேலதிகாரி ஒருவர் வந்து எல்லாவற்றையும்— (வரவில்லை.)

ஆ. ஜெனிற்றா பாடசாலை வாசலில் சொந்தக் கடை போடுகிறாள். இதை அவளிடமே கேட்டேன். "உந்த வாசலைக் கண்டாலே வயிறு எரியுது மிஸ்."

இ. அருந்ததி சொல்வது: "மூண்டாம் பகுதியோடை நிப்பாட்டுங்கோ அக்கா. அதிலை பொய் இல்லையே." இல்லைத்தான். நூலில் அப்படித்தான் வரும்.

இனி நான் எழுதாமல் விட நினைத்தது. அதிபரைப் பார்க்கக் காலையிலேயே போயிருந்தேன். தேவாரம் பாடிக்கொண்டிருக்கையில் வரிசையில் ஒரு பிள்ளை அப்படியே மடிந்து விழுந்தாள். வேப்பமர நிழலில் கிடத்தினார்கள். ஆசிரியை ஒருத்தி "தர்சிகா, தர்சிகா" என்று கன்னத்தில் தட்டினாள். இன்னொருத்தி கன்ரீனுக்கு ஓடி, வெறுங்கையோடு திரும்பினாள்.

அதே நாள் பின்னேரம் கொழும்புத்துறையில் ஜெனிற்றா எனக்குத் தேத்தண்ணி தந்தாள். கிளம்பும்போது வேலிப் படலைவரை வந்தாள்.

"பள்ளிக்கூடம் போனனீங்கள்தானே மிஸ். அந்தத் தர்சிகாப் பிள்ளையைக் கண்டனீங்களே? எப்பிடி இருக்கிறாள்?"

நான் என்ன சொன்னேன் என்று எழுதி எழுதி அழித்துவிட்டேன். அவள் படலையைப் பிடித்தபடி நிற்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.