சுயாதீன நிபுணர் குடித்த தேத்தண்ணி

லிங்கநகர் தங்கரத்தினத்துக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே தெரியும். அன்றைக்கு வந்த கோபம் ஒரு வெள்ளைக்காரச் சட்டத்தரணி மேல். மனித உரிமை நிலைமையை நேரில் பார்த்து அறிக்கை எழுத வெளிநாட்டிலிருந்து வந்த சுயாதீன நிபுணர் அவர். அவள் வீட்டுக் கதிரையில் இருந்தவர், அவள் கொடுத்த தேத்தண்ணியைத் தொட மறுத்துவிட்டார்.

"எந்தப் பக்கத்திட்டையும் ஒண்டும் வாங்கக்கூடாதாம், அக்கா. அது அவையின்ர விதி," என்றார் மொழிபெயர்க்க வந்த லாபிர் மாஸ்டர்.

"என்ர வீட்டில வாய் நனைக்காத மனுசனுக்கு என்ர கதையைச் சொல்ல ஏலாது எண்டு சொல்லுங்கோ."

சொல்ல வேண்டியதோ சின்னக் கதை இல்லை. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அவள் கணவர் சோமசேகரத்தை மூன்று மாதத்துக்கு முன் ஆமி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்த முகாமில் கேட்டாலும் அப்படி ஒருவர் தங்களிடம் இல்லை என்றே பதில். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட அவளுக்குத் தெரியாது. இருந்தாலும், வீடு தேடி வந்தவரை வாய் நனைக்காமல் அனுப்புவாளா?

அரை மணிநேரம் இழுபறி. இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி லாபிர் மாஸ்டருக்குக் கழுத்து நோகத் தொடங்கியது. கடைசியில் நிபுணர் பேனாவைத் திறந்தார். 'சாட்சியின் வீட்டில் தேநீர் அருந்தினேன்' என்று கொப்பியில் முதல் வரியாக எழுதி, கையெழுத்தும் வைத்துவிட்டுக் கோப்பையை எடுத்தார். கூட வைத்திருந்த பனங்கட்டியைக் கடித்தார்; அதையும் எழுதினார். அவள் இரண்டாவது கோப்பையை ஊற்ற, அதற்கும் ஒரு வரி போட்டார். பிறகுதான் அவள் கதையைத் தொடங்கினாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது, அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

சில மாதங்களில் அறிக்கை வெளிவந்தது; தேத்தண்ணி வரிகளும் அதில் அப்படியே இருந்தன. பின்னாலேயே அரசாங்கத்தின் மறுப்பும் வந்தது. லாபிர் மாஸ்டர் அதைத் தமிழில் வாசித்தார்: "இந்த நிபுணர் சுயாதீனமானவர் அல்லர். எமது தடுப்புக்காவலில் உள்ள சோமசேகரம் என்பவரின் மனைவியிடம் இரண்டு கோப்பை தேநீரும் பனங்கட்டியும் பெற்றதை அவரே ஒப்புக்கொண்டுள்ளார்."

மாஸ்டர் தலையில் கைவைத்தார். "தேத்தண்ணியால அறிக்கையே பிழைச்சுப் போச்சுது, அக்கா."

"அந்த ரெண்டாவது வரியைத் திரும்ப வாசியுங்கோ, மாஸ்டர்."

வாசித்தார். பாதியிலேயே அவருக்கும் விளங்கிவிட்டது. தங்கரத்தினம் மறுப்புத் தாளை வாங்கி, அந்த வரியில் விரலை வைத்தாள். மனுசன் இருக்கிறார். அவளுக்கு வேறொன்றும் காதில் விழவில்லை.

அடுத்த நாள் காலை, முகாம் வாசலில் நின்ற காவலாள் வழக்கம்போல, "அப்பிடி ஒருத்தர் இங்க இல்லை," என்றான். அவள் அந்த மறுப்புத் தாளை நீட்டினாள்.

"நீங்கள் இல்லையெண்டுறீங்கள். உங்கட பெரியாக்கள் இருக்கெண்டு எழுதிக் கையெழுத்தும் வைச்சிருக்கினம். உள்ளுக்குப் போய் ஒரு முடிவுக்கு வாங்கோ. நான் இதில நிக்கிறன்."