தையல்காரருக்குக் கொடுத்த சுரைக்காய்

நர்ஸ் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். தெருவின் கடைசி வீட்டுக்காரி அவள். ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து சீருடையோடு நேராக வந்திருந்தாள். என் வீட்டுக்குள் அப்படி யாரும் நுழைந்ததில்லை. கண்டிக்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"பெரியக்கா, எதிர்வீட்டுத் தையல்காரரை ஆஸ்பத்திரியிலே சேர்த்திருக்கு. வாந்தி நிக்கலை. ரத்தமா வருது."

கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே வைத்தேன். காலையில்தான் அவரைப் பார்த்திருந்தேன். வாசலில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"வெளியிலே எதையாவது தின்னாரா?"

"வெளியிலே ஒண்ணும் இல்லை. மத்தியானம் சோறும் சுரைக்காயும்தான். நீங்க கொடுத்த காய்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "கொடியிலே இருக்கிற மத்த காயும் கசக்குதான்னு டாக்டர் கேக்கறார்."

எனக்கு முகம் சூடேறியது. இந்தத் தெருவில் எங்கள் வீட்டுக்குச் சுரைக்காய் வீடு என்றே பெயர். அப்பா போட்ட கொடி. முப்பத்தாறு வருஷமாக முற்றிய காயைக் கொடியிலேயே காயவிட்டு, விதையெடுத்து, சாம்பலில் புரட்டிச் சீசாவில் வைத்து, அதையே மறுவருஷம் ஊன்றுகிறோம். கடை விதை இந்த மண்ணைத் தொட்டதில்லை. விதை கேட்டு வருபவர்கள் என் முன்னால் நின்றுதான் கேட்பார்கள்.

"இந்த வீட்டுக் காயைக் கசப்புன்னு சொன்ன முதல் ஆள் நீதான்" என்றேன்.

"நான் சொல்லலை பெரியக்கா. டாக்டர் கேக்கறார்."

தம்பி மனைவி சமையலறையிலிருந்து கத்தியோடு வந்தாள். "அண்ணி, வாய்ச்சண்டை எதுக்கு? கொடியிலே இன்னொண்ணு தொங்குது. கிள்ளி நாக்குலே வெச்சாத் தெரிஞ்சுட்டுப் போகுது."

அவளே போய் அறுத்து வந்தாள். பளபளவென்று, பூனைமயிர் படர்ந்த பிஞ்சு. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. காம்புப் பக்கத்தில் அரிசியளவு சீவி என்னிடம் நீட்டினாள். நான் நிமிர்ந்து நின்றபடி நாக்கில் வைத்தேன்.

காய்ச்சல் மாத்திரையை மென்றதுபோல் இருந்தது. இல்லை, அதைவிட மோசம். நாக்கு மரத்து, தொண்டை தானாக மூடிக்கொண்டது. சாக்கடை ஓரம் ஓடிப்போய்த் துப்பினேன். எங்கள் காயை நான் துப்பினேன். நான் துப்பியதை நர்ஸ் பார்த்துவிட்டாள்.

அந்தக் கொடியின் காய் அதுவரை எங்கள் வீட்டில் ஒருவர் வாயிலும் படவில்லை. முதல் காயை நாம் சமைக்கக் கூடாது, வெளியே கொடுத்துவிட வேண்டும் என்பது அப்பா வைத்த சட்டம். கை தாராளம் என்று ஊர் சொல்ல வேண்டுமாம். அந்தச் சட்டத்தை நான் ஒரு வருஷமும் மீறியதில்லை. ஆக, எங்கள் கொடியில் விஷம் காய்த்தால் முதலில் தின்னப்போவது அடுத்த வீட்டுக்காரன். இதை நான் முப்பத்தாறு வருஷமாக யோசிக்கவே இல்லை.

நர்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, காய் கசக்கிறது என்று சொன்னாள். தம்பி மனைவி நாற்றுப்பண்ணைக்காரரைத் தொலைபேசியில் பிடித்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"போன வருஷம் பக்கத்துலே வேற சுரை ஏதாவது பூத்துச்சா?" என்று கேட்டார் அவர்.

"இல்லை" என்றேன்.

"அண்ணி..." தம்பி மனைவியின் கண் வாசலுக்குப் போனது. "அந்த வளைவுக் கொடி."

வாசல் இரும்பு வளைவில் போன வருஷம் ஓர் அழகுக் கொடி ஏற்றியிருந்தேன். இடுப்பு சிறுத்த குட்டிக் குடுவைகளாகக் காய்க்கும். காயவைத்துச் சாயம் பூசலாம், தின்ன முடியாது. போகிறவர்கள் நின்று படம் பிடித்தார்கள். தம்பி வாங்கி வரவில்லை, தம்பி மனைவி நடவில்லை. நானே தேடிப்போய் வாங்கி, நானே நட்டு, நானே கயிறு கட்டினேன்.

"அது பேய்ச்சுரை ஜாதிம்மா, விஷக் கசப்பு" என்றார் பண்ணைக்காரர். "ரெண்டும் சாயங்காலம் பூக்கிற பூ. பூச்சி இதுலே உக்காந்து அதுலே உக்காரும். போன வருஷக் காய் நல்லாத்தான் இருந்திருக்கும். கெடுதல் விதைக்குள்ளே போயிருக்கும். விதைக்கு விடற பூவை, விரியறதுக்கு முன்னாடியே ஆண் பூ பெண் பூ ரெண்டையும் காகிதப் பையாலே மூடணும். விரிஞ்சதும் நாமே தொட்டு வெச்சு, மறுபடி மூடிக் கட்டணும். யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல யாருக்குத் தைரியம் இருந்தது?

அப்போதுதான் அந்த எண்ணிக்கை மண்டையில் இறங்கியது. இந்த வருஷம் ஒன்பது வீட்டுக்கு அந்த விதை போயிருக்கிறது. எல்லாம் ஒரே வாரத்தில் ஊன்றியவை. எல்லாக் கொடியிலும் இந்த வாரம் காய் தயார்.

தம்பி பேருந்து நடத்துனர். வேலை முடிந்து வந்தவன் விஷயத்தைக் கேட்டுக் கதவைச் சாத்தினான்.

"அக்கா, வாயைத் திறக்காதே. இந்த வருஷம் வெயில் அதிகம், காயெல்லாம் கசக்குதுன்னு நர்ஸை விட்டுச் சொல்லச் சொல்லு. விதைன்னு சொன்னா நம்ம பேரு போச்சு. அப்பா பேரு போச்சு."

அவன் பேசியது என் பேச்சு. சின்ன வயதிலிருந்து அவனுக்கு அதைத்தான் ஊட்டியிருக்கிறேன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அது சரியென்றே எனக்குப் பட்டது.

"வெயில்னு சொன்னா, கசப்பு போகட்டும்னு உப்பைக் கொஞ்சம் கூடப் போட்டுச் சமைச்சுடுவாங்க" என்றாள் தம்பி மனைவி, யாரையும் பார்க்காமல்.

நான் புடவையைச் சரிசெய்துகொண்டு தெருவில் இறங்கினேன்.

எட்டு வீட்டில் ஒரே வாக்கியத்தைச் சொன்னேன். "விதை என்னுது, அது விஷம், கொடியைப் பிடுங்கிடுங்க." சிலர் சிரித்தார்கள், நான் விளையாடுகிறேன் என்று. நான் விளையாடி யாரும் பார்த்ததில்லை என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. ஒரு வீட்டில் கிழவர் என் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார். ஆனால் சாத்திய கதவுக்குப் பின்னால் கொடி அறுபடும் சத்தம் கேட்டது.

ஒன்பதாவது, மின்வேலைக்காரர் வீடு. அவர் மனைவிக்குத் தெருவில் பட்டாசு என்று பெயர். எனக்கும் அவளுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சில்லை. விதையைத் தம்பி மனைவிதான் சுவருக்கு மேலாகக் கொடுத்திருந்தாள்.

"அடடே, காத்து இந்தப் பக்கம் அடிக்குதே!" என்றாள் பட்டாசு, அடுப்படியிலிருந்தே.

"அடுப்புலே என்ன?"

"சமையல் பரிசோதனையா? சுரைக்காய்தான். உங்க கொடியிலே காய்ச்சதைவிட ஒரு ஜாண் நீளம். கேள்விப்பட்டு வந்தீங்களா?"

"இறக்கு. கொட்டு."

"பாருங்கடி இவங்க வயித்தெரிச்சலை! வாசல் தாண்டி அடுப்பு வரைக்கும் வந்துடுச்சு."

அவளுடைய இரண்டு பெண்களும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டில் வெறும் சோறு. கேட்காமல் உள்ளே போய்ச் சட்டியைத் துணியால் பிடித்து இறக்கினேன்.

"அது விஷம். விதையும் என்னுது, தப்பும் என்னுது. இதைத் தின்னுட்டுத்தான் தையல்காரர் ரத்தமா வாந்தி எடுக்கறார்."

பட்டாசு கரண்டி நுனியை நாக்கில் தொட்டாள். முகம் கோணியது. தொட்டியில் துப்பினாள், வாயைக் கொப்பளித்தாள், மறுபடி துப்பினாள்.

"வெந்தாப் போயிடாதா?"

"வேக வெச்சாலும் போகாது. சுரையோ வெள்ளரியோ, இனிமே எதுவானாலும் அரிசியளவு கிள்ளி நாக்குலே வெச்சுப் பாரு. கசந்தா யார் கொடுத்ததா இருந்தாலும் குப்பையிலே போடு."

அவள் சின்னவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று காத்து நின்றேன். அவள் சின்னவளின் வாயைத் திறந்து பார்த்தாள்.

வீடு திரும்பி எங்கள் கொடியை நானே வேரோடு பிடுங்கினேன். சீசாவிலிருந்த விதையை அடுப்பில் போட்டேன். தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான், தடுக்கவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். தையல்காரர் கண் விழித்திருந்தார். ஒரு நாளில் பாதி ஆளாகியிருந்தார். கையில் குழாய் ஏறிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் அவர் மனைவி.

"வாயிலே வெச்சதுமே நான் துப்பிட்டேன்" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல். "கசக்குது, வேண்டாம்னு தட்டை இழுத்தேன். கேட்டாத்தானே இந்த மனுஷன்."

"பெரியக்கா வீட்டுக் காய் கசக்குமா?" தையல்காரரின் குரல் காற்றாக வந்தது. "என் நாக்குலேதான் கோளாறுன்னு நினைச்சேன்." மூச்சு வாங்கினார். "முழுசா முடிக்க முடியலை பெரியக்கா. ரெண்டு துண்டு மிச்சம் வெச்சுட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

அவர் என்னை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். என் வீட்டுப் பெயருக்காக ஒரு மனிதன் தன் நாக்கையே நம்பாமல் போயிருக்கிறான். அதற்கும் என்னிடமே மன்னிப்புக் கேட்கிறான்.

"தப்பா நினைக்க வேண்டியது நீ, தம்பி" என்றேன். "தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோ."

"அவர் நினைக்க மாட்டார்" என்றாள் அவர் மனைவி. "நான் நினைப்பேன்."

"நினைச்சுக்கோ" என்றேன்.

கட்டிலுக்கு அடியில் ஒரு முக்காலி இருந்தது. அவள் அதை எடுத்துப் போடவில்லை. பார்வையாளர் நேரம் முடியும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.