செவலையைத் தேடிப் போனவர்

புக்கிட் செலம்பாவில் மழை பெய்து மாதக்கணக்காகிவிட்டது. லோகேஸ்வரன் காலையில் வாளியோடு கொட்டகைக்குள் நுழைந்தால், மாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கும். சுற்றுவட்டாரத்துப் புல் கருகி, மிதித்தால் பொடியானது. இருந்த தீனியைக் கறவை மாடுகளுக்கு மட்டும் போட்டுவிட்டு, பால் வற்றிப்போன கிழட்டுச் செவலையின் பக்கம் திரும்பாமலே வெளியே வந்துவிடுவார்.

ஒரு நாள் விடிந்ததும் செவலையைத் தன் லோரியில் ஏற்றிப் போய், லூனாஸ் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து ஓரமாக இறக்கிவிட்டார். எதையாவது மேய்ந்து பிழைத்துக்கொள்ளும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். லோரி நகர்ந்ததும் அது கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடிவந்தது.

கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்று மனைவி ரூபினியிடம் சொன்னார். அவள் அதை நம்பி, வெயிலில் செவலையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே அலைந்தாள். அதைப் பார்த்தவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே லோரியை எடுத்துக்கொண்டு லூனாஸுக்குப் போனார்.

விட்ட இடத்தில் மாடு இல்லை. கடைகளில் விசாரித்தபோது ஜெனவீவ் என்ற அம்மாவின் வீட்டைக் காட்டினார்கள். பின்புறத்து மாமர நிழலில் செவலை நின்றது. அந்த அம்மாள் பச்சைச் செம்பனை மட்டையைப் பொடிப்பொடியாக நறுக்கி அதற்குப் போட்டுக்கொண்டிருந்தார். லோகேஸ்வரனைக் கண்டதும் செவலை தீனியை விட்டு வந்து அவர் கையை நக்கியது.

"உங்க மாடா தம்பி? ரோட்டோரமா மயங்கிக் கெடந்துச்சு. வளத்தவங்க அழுதுகிட்டுத் தேடுவாங்களேன்னு வாட்சாப்ல கூட போட்டேன். பாவம், நீங்க எங்கெல்லாம் அலைஞ்சீங்களோ."

லோகேஸ்வரன் செவலையின் கழுத்தைத் தடவினார்.

"தொலைஞ்சு போகலக்கா. நான்தான் கொண்டாந்து விட்டுட்டேன்."

ஜெனவீவ் கத்தியைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே லா. குலை வெட்டுறப்ப இந்த மட்டைய எல்லாம் சும்மாதான் கழிச்சுப் போடுறாங்க."

அவரே தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் அழைத்துப் போய்ப் பேசி அனுமதி வாங்கிக்கொடுத்தார். மாலையில் செவலையும் லோரி நிறைய மட்டையும் வீடு வந்து சேர்ந்தன. லோகேஸ்வரன் நடந்ததை மறைக்காமல் சொன்னார். ரூபினி அன்று அவரோடு பேசவில்லை. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து மட்டை நறுக்கினாள்.

வறட்சி நீடித்தது. பக்கத்தில் மாடு வளர்க்கும் அழகேசன், தன் கிழட்டு மாட்டை எங்காவது விட்டுவர லோரி கேட்டு வந்தார்.

"லோரி தர்றேன், மட்டை ஏத்திட்டு வா" என்றார் லோகேஸ்வரன். "பால் குடுக்கிறப்ப நம்ம மாடு, பஞ்சம் வந்தா ஊர் மாடுன்னா அது வளக்கிறதே இல்ல அழகேசா. முடியலன்னா நாலு பேருகிட்ட வாய்விட்டுக் கேக்கணும். நம்மள நம்பி நிக்கிற உசுரத் தெருவுல விடக்கூடாது."