புத்தகத் தூசு

துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு பையோடு வந்தார்கள். பையை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. கேட்டுக்கு வெளியே சுவரோரம் வைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, அப்பாவைக் கிடத்தியிருந்த பெட்டியிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று, "நல்ல மனுஷன்" என்றார்கள். மகள் வெளியே போய் ஒரு பையைத் திறந்து பார்த்தாள். எல்லாம் நூலகப் புத்தகங்கள். சிலவற்றைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள். அப்பா உயிரோடு இருந்தபோது கெஞ்சிக் கூத்தாடியும் திரும்பி வராத சமையல் புத்தகம்கூட வந்து சேர்ந்திருந்தது.

நான்கு ஊர்களுக்கும் பொதுவாக ஒரே ஒரு நூலக வண்டி. தனியாக நூலகம் வைத்துக்கொள்ள எந்த ஊருக்கும் வக்கில்லை; அதனால் சேர்ந்து வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கிழமை. மழையில் ஒரு ஊரின் முறை தவறிவிட்டால், அடுத்த ஊரின் முறையைப் பிடுங்க மல்லுக்கு நிற்பார்கள். அப்பா வண்டியை ஓட்டினார். மகள் புத்தகங்களைக் கொடுத்து வாங்கினாள். அந்த வேலை முடிந்ததும் அப்பா பிள்ளைகளை வண்டிக்குள் ஏற்றிக் கதவைச் சாத்துவார். திறந்து வைத்தால் காற்றில் பக்கம் புரளும், தெருச் சத்தம் கதையைத் தின்றுவிடும். "கதவு சாத்தினாத்தான் கதை" என்பது அவருடைய சட்டம். நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தொண்டை கிழிய வாசிப்பார். கதையில் பூதம் வந்தால் பூதமாகவே கத்துவார்.

இருமல் தொடங்கி மாதக்கணக்காகிவிட்டது. கேட்டவர்களிடமெல்லாம், "புஸ்தகத் தூசு. இந்த வேலை பாக்குறவனுக்கு இருமல் இல்லாட்டிதான் அதிசயம்" என்று சிரித்தார். மகளும் நம்பினாள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அலமாரிகளைத் தட்டித் தட்டித் துடைத்தாள், தூசை வாய்க்கு வந்தபடி திட்டினாள். ஆஸ்பத்திரியில் டி.பி. என்று சொன்னபோது அவர் பாதி ஆளாகியிருந்தார். வீடு திரும்பவில்லை. ஊர்களுக்கெல்லாம் அவர் சொன்ன தூசுதான் ஞாபகத்தில் நின்றது. புத்தகம்தான் மனுஷனைக் கொன்றது என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நர்ஸ் மகளைச் சமையலறைக்குள் கூட்டிப் போனாள்.

"வெளிய பை பையா வெச்சிருக்காங்களே, புஸ்தகத்தால ஒண்ணும் வராது. பாடியத் தூக்குறவங்களும் பயப்பட வேண்டியதில்ல. இது மூச்சுல பரவுறது. இருமினா, சத்தமாப் பேசினா பரவும். நீங்களும் அம்மாவும் நாளைக்கே டெஸ்டுக்கு வந்துருங்க. வேற யாராச்சும் மூடின எடத்துல அவரோட ரொம்ப நேரம் இருந்திருக்காங்களா?"

மகளின் கண்முன்னே வண்டிக்குள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"புள்ளைங்க," என்றாள். "நாலு ஊர்ப் புள்ளைங்களும்."

நர்ஸ் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "சீக்கிரம் பாத்தா மாத்திரையிலயே சரியாயிடும். ஆனா பாக்கணும். எல்லா ஊர் ஜனமும் இன்னைக்கு இங்கதான் இருக்கு. கலைஞ்சு போயிட்டா வீடு வீடா யாரு தேடிப் போறது? நான் சொல்லட்டுமா?"

"வேணாம். எந்தெந்தப் புள்ளைன்னு எனக்குத்தான் தெரியும்."

நர்ஸ் போனதும் அம்மா உள்ளே வந்தாள். எல்லாவற்றையும் கதவோரம் நின்று கேட்டிருக்கிறாள்.

"வாயத் தொறக்காதடி. முதல்ல அவரத் தூக்கட்டும். இப்ப சொன்னா ஒருத்தனும் கை வைக்க மாட்டான். நாம ரெண்டு பேருமா தூக்கிட்டுப் போறது?"

"தூக்கிட்டா எல்லாரும் கெளம்பிருவாங்கம்மா."

"கெளம்பட்டும். நாளைக்கு வண்டிய எடுத்துட்டுப் போயி ஊர் ஊராச் சொல்லு."

"வண்டிய இனிமே எந்த ஊருக்குள்ள விடுவாங்க?"

"அந்தப் புள்ளைங்கன்னா உயிரையே விடுவாரு..." என்று ஆரம்பித்த அம்மா, தன் வார்த்தை தன் காதிலேயே விழுந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மகளுக்குத் தொண்டையில் ஏதோ கரகரத்தது. இருமல் வந்தது. அம்மா பார்த்த பார்வையில் அதை அப்படியே விழுங்கினாள். வண்டிக்குள் அவளும்தானே இருந்தாள்.

வெளியே போய்ச் சொன்னால் அப்பா இனிமேல் கதை சொன்னவர் இல்லை, பிள்ளைகளுக்கு நோயைக் கொடுத்தவர். அவரைக் கடைசியாகத் தூக்கக்கூட ஆள் வராமல் போகலாம். சொல்லாவிட்டால்? புத்தகங்களை எரித்துவிட்டு, தப்பித்தோம் என்று எல்லாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். அந்தத் தூக்கத்தை நினைத்தபோது அவளுக்கு இன்னும் அதிகமாகப் பயமாக இருந்தது.

கூடத்துக்கு வந்தாள். நூலகக் கமிட்டித் தலைவர் அவளை நிறுத்தினார்.

"எல்லாப் புஸ்தகமும் வந்துருச்சாம்மா? சாயங்காலமே கொளுத்திரலாம். நாலு ஊருமா சேந்து முடிவு பண்ணிட்டோம்."

நான்கு ஊர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை.

பெட்டியைத் தூக்க நான்கு பேர் குனிந்திருந்தார்கள். முன்பக்கக் கைப்பிடியைப் பிடித்திருந்தவர் மெக்கானிக். வண்டி எங்கே நின்றுபோனாலும் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வருகிறவர். அவருடைய மனைவி, தையல்காரி, தங்கள் சின்ன மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள்.

"தூக்கலாமாம்மா?" என்றார் மெக்கானிக்.

"ஒரு நிமிஷம்ண்ணா."

பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"புஸ்தகத்தால யாருக்கும் ஒண்ணும் வராது. கொளுத்த வேணாம். பெட்டியத் தூக்குறவங்களுக்கும் ஒண்ணும் ஆகாது. நோய் அப்பாவோட மூச்சுல இருந்திருக்கு. எங்களுக்குத் தெரியல. தூசுன்னுதான் நெனச்சோம். வண்டிக்குள்ள உக்காந்து கதை கேட்ட புள்ளைங்களயெல்லாம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டிருங்க. சீக்கிரம் பாத்தா சரியாயிடுமாம்."

முன்னால் நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள், பின்னால் நின்றவர்கள் வாசலுக்குப் போனார்கள். பிறகு தெருவில் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அப்பாக்களும் அம்மாக்களும் ஒரே நேரத்தில் கூப்பிட்டதில் எந்தப் பெயரும் சரியாகக் காதில் விழவில்லை. கமிட்டித் தலைவரும் பேரனைத் தேடி ஓடினார்.

தையல்காரி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எம் பொண்ணு எங்க உக்காருவா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன்னத்தாம்மா கேக்குறேன். கிட்ட உக்காருவாளா, தள்ளி உக்காருவாளா?"

பின்னால், கதவோரமாக என்று சொல்லிவிடலாம். அம்மா சமையலறை வாசலிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா மடியில," என்றாள் மகள்.

தையல்காரி தன் துணி நுனியை எடுத்துக் குழந்தையின் வாயைத் துடைத்தாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. இழுத்துப் பிடித்து மறுபடியும் துடைத்தாள்.

பெட்டிக்குக் குனிந்திருந்தவர்களில் மூன்று பேர் எப்போதோ நிமிர்ந்து விலகியிருந்தார்கள். மெக்கானிக் மட்டும் குனிந்தபடியே இருந்தார். கைப்பிடியை விடவும் இல்லை, தூக்கவும் இல்லை.