மாதிரிக்கு ஒட்டிய கார்டு

விசிட்டிங் கார்டு வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. எல்லாம் அக்கா செய்த வேலை. எண்பது வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் மேனேஜர், "கார்டு குடுத்துட்டுப் போங்கம்மா, சோபா கவர், திரைச்சீலை எல்லாம் உங்களுக்கே தரச் சொல்றேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் உயிரை வாங்கினாள். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் அழுதுகொண்டிருந்த என்னை, விவரம்கூடக் கேட்காமல் வீட்டுக்குக் கூட்டி வந்தவள். அவள் பேச்சைத் தட்ட முடியவில்லை.

பதினோரு மாதங்களுக்கு முன் புருஷனை விட்டு ஓடி வந்தவள் நான். அவனை மரியாதையாகச் சொல்ல மனசில்லை. என் இடது கையை இரண்டு இடத்தில் ஒடித்தவன். ஓடிப்போனால் தேடி வந்து மிச்சத்தையும் ஒடிப்பேன் என்று சொன்னவன். சொன்னால் செய்வான். அதனால்தான் ஊர் மாறி, நம்பர் மாற்றி, ஜன்னலைச் சாத்தியே தைத்துக்கொண்டிருந்தேன். கார்டு என்பது கைக்குக் கை போகிற சாமான். கடைசியில் அது யார் கையில் போய் நிற்குமோ என்று மூன்று நாளாகத் தூக்கமில்லை.

பிரிண்டிங் கடைக்காரர் வாய் ஓயாத மனிதர்.

"பேரைப் பெருசா போட்டு, அட்ரஸ் போட்டு, சிரிச்ச மாதிரி ஒரு போட்டோவும் போட்டா பாக்கறவங்களுக்கு நம்பிக்கை வரும்" என்றார்.

"பேர் வேண்டாங்க. அட்ரஸ் வேண்டாம். போட்டோ வேண்டவே வேண்டாம். நம்பர் மட்டும் போதும்."

"அப்ப வெறும் அட்டைய சும்மாவே எடுத்துட்டுப் போங்கம்மா."

அக்கா சிரித்தாள்.

அடிக்கிற ஒவ்வொரு கார்டிலும் ஒன்றை அவர் மாதிரிக்காக ஒரு ஆல்பத்தில் ஒட்டி வைக்கிறார். அதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். தங்க எழுத்து, ரோஜாப் பூ, கண்ணைக் குத்தும் மஞ்சள். எதுவும் பிடிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் இருந்தது அந்தக் கார்டு. சந்தன நிறத்தில் கனமான அட்டை, கருநீல எழுத்து, சுற்றிலும் தாராளமாக இடம். ஆர்ப்பாட்டமே இல்லை. இவரை நம்பி வீட்டுக்குள் விடலாம் என்று பார்த்தவுடனே தோன்றியது.

"இதே மாதிரி போட்டுக் குடுங்க" என்றேன்.

அப்புறம்தான் படித்தேன். ஏசி மெக்கானிக். அழைத்தால் வீட்டுக்கே வருவோம். மேலே என் புருஷன் பெயர். அந்தப் பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு நம்பரைப் பார்த்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் சொல்லக்கூடிய நம்பர். அட்ரஸ் இதே ஊர். அக்கா வீட்டிலிருந்து நடந்தே போகலாம்.

"நல்ல செலக்‌ஷன்" என்றார் கடைக்காரர். "ஊருக்குப் புதுசு, தங்கமான மனுஷன். இதே சேர்ல ரெண்டு மணி நேரம் உக்காந்து ஆல்பம் பூரா பாத்தாரு. டிசைனைப் பாக்கலம்மா, ஒவ்வொரு பேரா படிச்சிட்டிருந்தாரு."

தையலை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். என்றைக்காவது ஒரு கார்டு அடிக்கத்தான் போகிறேன் என்பதும் தெரிந்திருக்கிறது. இதற்கு முன் எத்தனை ஊரில் எத்தனை ஆல்பம் படித்தானோ.

அவர் நிறுத்தவில்லை. "சோபா கவர் தைக்கற பொம்பளைங்க யாராவது வந்தாங்களான்னு கேட்டாரு. இந்தக்கா போன் பண்ணி நேரம் கேட்டிருந்தாங்கல்ல, அது ஞாபகம் வந்துச்சு. வியாழக்கிழமை நாலு மணிக்கு ஒரு அம்மா வர்றாங்க, நீங்களும் அப்பவே வந்து கார்டை வாங்கிட்டு அவங்களையும் பாத்துடுங்கன்னு சொல்லிட்டேன். உங்க முதல் ஆர்டர் நான் புடிச்சுக் குடுத்ததும்மா."

அன்றைக்கு வியாழக்கிழமை. மணி நாலு அடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.

கார்டில் இருந்த பெயரை விரலால் தொட்டுக் காட்டினேன். அக்காதான் ஆல்பத்தைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அவன் இவ புருஷன். இவ கையை ஒடிச்சவன்."

கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஒரே எட்டில் போய் ஷட்டரை உள்பக்கமாக இழுத்துவிட்டு விளக்கை அணைத்தார். பின்வாசல் கிடையாது. மெஷினுக்குப் பின்னால் போய் அக்கா போலீஸுக்கு போன் போட்டு, கடை எங்கே இருக்கிறது என்று குசுகுசுத்தாள். நான் காகிதக் கட்டுகளுக்கு நடுவே குந்திக்கொண்டேன்.

வெளியே ஒரு பைக் வந்து நின்றது. ஷட்டரை மூன்று முறை தட்டினான். அவசரமே படாமல் தட்டுவது அவன் வழக்கம்.

"அண்ணே, கடை சாத்தியாச்சா?"

"கரண்டு இல்ல தம்பி. மெஷின் ஓடல. நாளைக்கு வாங்க." கடைக்காரரின் குரல் நடுங்கியது.

"கார்டு மெதுவா வாங்கிக்கறேன். அந்தத் தையல்கார அம்மா வந்தாங்களா?"

"இல்லப்பா. வர முடியலன்னு போன் பண்ணிட்டாங்க."

பைக் கிளம்பவில்லை. அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். பிறகு அவன் பேசினான், அடிப்பதற்கு முன் என்னிடம் எப்போதும் பேசுகிற அந்த மெல்லிய குரலில்.

"அப்ப படியில கெடக்கற ரெண்டு ஜோடி லேடீஸ் செருப்பு யாருதுண்ணே?"