மூன்று மணிக்கு மேல் ஏறிய மரம்

மூன்று நாளாக வெயில் மண்டையைப் பிளந்தது. உச்சி வெயிலில் யாரும் வெளியே வேலை செய்ய வேண்டாம் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வடகரைத் தோப்பில் தேங்காய் வெட்டும் சுடலைராஜ், முந்தின நாள் மரத்திலிருந்து இறங்கியதும் வாந்தி எடுத்தான். அதனால் காய் வியாபாரி நாறும்பூநாதன், "மூணு மணிக்கு மேல ஏறுலே, சூடு அடங்கிரும்" என்று சொல்லியிருந்தார்.

மூன்று மணிக்குச் சூடு அடங்கியது. மேற்கே மலை கறுத்துக் கிடந்தது.

காய் பொறுக்க வந்திருந்த அவன் மனைவி முத்துசெல்வியிடம்தான் அவனுடைய போன் இருந்தது. அது ஆம்புலன்ஸ் மாதிரி அலறியது. திரையில் எச்சரிக்கை வந்திருந்தது: அடுத்த மூன்று மணி நேரத்தில் தென்காசி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் கனமழை.

"ஏறாதீங்க. இதப் படிச்சுப் பாருங்க."

சுடலைராஜ் படிக்காமல் வியாபாரியைப் பார்த்தான்.

"மாவட்டம்னுதான போட்டிருக்கான், வடகரைன்னா போட்டிருக்கான்?" என்றார் நாறும்பூநாதன். "குத்தாலத்துல எண்ணெய் தேச்சுக் குளிக்கவனுக்குச் சொல்லுதான் தாயி. நேத்தும் இப்படித்தான் கத்துச்சு. ஒரு பொட்டு விழுந்துச்சா? இருட்டுமுன்ன லாரி புளியறை செக்போஸ்ட்டத் தாண்டணும்."

"அப்ப நீங்க ஏறுங்க அண்ணாச்சி."

"நான் ஏறுனா மரம் தாங்காது."

சுடலைராஜ் சிரித்துவிட்டான். "ரெண்டு மரந்தான்ட்டி. சட்டுன்னு வந்திருதேன்."

முதல் மரத்தில் வெட்டி இறங்கினான். இரண்டாவது, தோப்பிலேயே உயரமான நெட்டை மரம். காலில் தளைக்கயிற்றை மாட்டி அதிலும் ஏறினான். அவன் மட்டைகளுக்குள் நுழைந்து உட்கார்ந்தபோது காற்று திரும்பியது. மழை தூறிப் பெருக்கவில்லை, எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. மலைப்பக்கம் இடித்தது. நாறும்பூநாதன் லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார்.

மரத்தில் இருப்பவனைக் கீழிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் குனிந்து பார்ப்பான், பிடி விட்டுவிடும். இறங்கச் சொல்ல இரண்டு காய்களை மோதித் தட்ட வேண்டும். முத்துசெல்வியின் கொழுந்தனை அவன் பெண்டாட்டி காப்பி குடிக்கத்தான் கூப்பிட்டாள். இன்றுவரை அவன் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் கட்டிலில் கிடக்கிறான்.

முத்துசெல்வி காய்களைத் தட்டினாள். மழைச் சத்தத்தில் அது அவள் காதுக்கே கேட்கவில்லை. மறுபடி தட்டினாள். மேலே அரிவாள் மினுங்கியது. அவன் இன்னும் குலையை வெட்டிக்கொண்டிருந்தான். ஒரு குலை தடாலென்று அவளுக்குப் பக்கத்தில் விழுந்தது.

மின்னல் வெட்டிய கையோடு இடித்தது. இடைவெளியே இல்லை.

கூப்பிட்டால் விழுவான். கூப்பிடாவிட்டால் எரிவான். அவள் வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றாள். மழைத் தண்ணீர் வாய்க்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது.

"ஏ ஸ்வாதி அப்பா!"

லாரிக் கண்ணாடி இறங்கியது. "கூப்பிடாத! விழுந்திருவான்!"

"இறங்குங்க! இறங்குங்க!"

அவன் குனிந்து பார்த்தான். ஒரு கால் மட்டையிலிருந்து வழுக்கித் தொங்கியது. அரிவாள் விழுந்து மண்ணில் குத்தி நின்றது. முத்துசெல்வி கண்ணை மூடிக்கொண்டாள். உடம்பு விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். கொன்றுவிட்டோம் என்றுதான் நினைத்தாள்.

சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவன் மரத்தை மார்போடு அணைத்தபடி வந்துகொண்டிருந்தான். ஈரத்தில் தளைக்கயிறு பிடிக்கவில்லை. ஒரு ஆள் உயரம் சறுக்கி நின்றான், மறுபடி சறுக்கினான். பாதி மரத்தில் இருக்கும்போது எல்லாம் வெள்ளையாகிப் போனது. பக்கத்து மரத்தின் தலை வெடித்து, கொட்டுகிற மழையிலும் எரிந்தது. முத்துசெல்வி சேற்றில் குப்புற விழுந்து கிடந்தாள். எழுந்து முதலில் மரத்தடியைப் பார்த்தாள். அங்கே யாரும் விழுந்து கிடக்கவில்லை.

அவன் இன்னும் மரத்தில்தான் இருந்தான். வந்துகொண்டும் இருந்தான்.

கால் தரையில் பட்டது. நெஞ்சிலும் தொடையிலும் தோல் உரிந்து ரத்தம் மழையோடு ஓடியது. நாறும்பூநாதன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். "லே, லாரிக்குள்ள வா!"

சுடலைராஜ் நகரவில்லை. இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றான். பல் கிடுகிடுவென அடித்தது.

"இறங்கியாச்சுங்க. தரையிலதான் நிக்கீங்க. விடுங்க."

அவனுக்குக் காது கேட்கவில்லை. முத்துசெல்வி அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒன்றைப் பிரித்து அடுத்ததற்குப் போவதற்குள் முதல் விரல் மறுபடி மரத்தைப் பிடித்துக்கொண்டது.