நூல் கட்டிய டப்பா

என் கணவன் ஏமஸுக்குக் கண் மங்கிவிட்டது என்று பட்டறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் வெள்ளியைத் தட்டி உருவாக்குவான். நான் அதன்மேல் வண்ணக் கண்ணாடிப் பொடியை உலையில் உருக்கி எனாமல் ஏற்றுவேன். லண்டனிலிருந்து எங்களை இந்தக் காட்ஸ்வோல்ட் கிராமத்துக்குக் கூட்டிவந்த முதலாளி லிட்புரூக், கைவேலைதான் மனிதனைக் காப்பாற்றும் என்று ஊர் ஊராகப் பேசுவார். பார்வை போன கைக்கு அவரிடமும் வேலை கிடையாது. நாங்கள் குடியிருந்த வீடும் அவர் கொடுத்ததுதான்.

வெள்ளியை ஒட்டவைக்கும் பற்றாசுத் துணுக்குகள் இரண்டு டப்பாக்களில் இருக்கும். ஒன்று எனாமல் உலையின் சூட்டைத் தாங்கும். மற்றது அதே சூட்டில் வெண்ணெயாக உருகிவிடும். பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான். மூடியில் எழுதியிருப்பதைப் படித்துத்தான் எடுக்க வேண்டும். தினமும் நானே எடுத்துக் கொடுத்துவந்தேன். தாங்கும் டப்பாவில் ஒரு நூல் கட்டிவைக்கட்டுமா என்று ஒருமுறை கேட்டேன்.

"அப்படியே என் கழுத்துல ஒரு மணியும் கட்டிவிடேன்" என்றான்.

அதோடு விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

அந்த வருஷம் ஒரு கண்காட்சிக்காக வெள்ளிப் பெட்டி செய்துகொண்டிருந்தோம். மூடியைச் சுற்றி அவனுடைய இலைகள், நடுவில் என்னுடைய மயில்நீலம். நான் பின்கட்டில் கண்ணாடிப் பொடி அரைத்துக்கொண்டிருந்த காலையில், என்னைக் கூப்பிடாமல் அவனே இலைகளைப் பற்றவைத்து முடித்துவிட்டான்.

"எந்த டப்பால எடுத்த?"

"முப்பது வருஷமா பண்றேன். எனக்குத் தெரியாதா? போடி."

நம்பி உலையில் வைத்தேன். கதவைத் திறந்தபோது இலைகளெல்லாம் சரிந்து நீலத்துக்குள் மூழ்கிக் கிடந்தன.

லிட்புரூக் வந்து பார்த்தார். "யார் பண்ணின வேலை இது?"

ஏமஸ் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன். "நான்தாங்க ஐயா. உலைல ரொம்ப நேரம் விட்டுட்டேன்."

அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "திங்கக்கிழமையிலேர்ந்து நீங்க வர வேணாம் மிஸஸ் பார்ஜிட்டர். எனாமலுக்கு வேற ஆள் பாத்துக்கறேன். ஏமஸ், நீ புது மூடி ஒண்ணு செய்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் வேலையைக் காப்பாற்றுகிறேன் என்று அவன் கண்ணைப் பிடுங்கிவிட்டேன். இனி உண்மையைச் சொன்னாலும் அவனுக்குத்தான் வேலை போகும்.

கிளம்பும் முன் தாங்கும் டப்பாவில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, அவன் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். இந்தமுறை அவன் கேலி செய்யவில்லை. தலையை ஆட்டினான்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம் நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். ஏமஸ் உள்ளே வந்தான். தோல் ஏப்ரனைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தான். வேலை போய்விட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆனாலும் கேட்டேன்.

"நூல் என்னாச்சு?"

"அறுத்துப் போட்டுட்டேன். புதுசா வந்த பொண்ணு, அது எதுக்குன்னு கேட்டா."